கடைசி இலை எழும்பும் வரை

கேரளத் தலைநகரில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில் சில மாதங்கள் இரண்டு கயிறுகள் தொங்கின. ஒரே கிணறு, ஒரே தண்ணீர். கப்பி மட்டும் இரண்டு, வாளியும் இரண்டு. தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடி வாளி தனி, மற்ற வாளி தனி என்று வைத்திருந்த வீடுகள் அப்போதும் எங்கள் தெருவில் உண்டு. அடுத்தவீட்டு மாமி மட்டும் ஒரு நாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பசங்களுக்குள்ள என்னடீ, ஏதாவது தீட்டா?" என்று கேட்டாள்.

"ஆமாம் மாமி. பெரிய தீட்டு."

"எத்தனை நாளைக்காக்கும்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. இலங்கையில் சண்டை மூண்டு, பையன்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய இயக்கங்களெல்லாம் சென்னையில் ஆபீஸ் போட்டு, ஜீப் வைத்துக்கொண்டு, போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் மாடிக்கு வந்தது அப்படிப்பட்ட இயக்கம் இல்லை. ஒன்பதே பேர். மீதிப் பேர் ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் தெரு பஜனை கோஷ்டியில் இதைவிட ஆட்கள் அதிகம். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். "படிச்ச பசங்க. ராத்திரி பகலாப் பேசுவா, அவ்வளவுதான். வேற ஒரு உபத்திரவமும் இல்லை," என்றார். பேசுவது உபத்திரவம் இல்லை என்று நினைக்கிற வக்கீல்!

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ட்ரெஷரியில் கிளார்க். மாமனார் மாமியார் மூத்த மகனோடு பம்பாயில் இருந்தார்கள். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இவர் அரசு ஆபீஸில் செக்ஷன் ஆபீசர். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பார். வீட்டில் கத்துகிற வேலை முழுக்க என்னுடையது. வந்த முதல் நாளே மாடிப்படியில் நின்றுகொண்டு நான்தான் சட்டம் சொன்னேன்: மீன் கூடாது, முட்டை கூடாது, சிகரெட் தெருமுனையோடு சரி, செருப்பு படிக்குக் கீழே. ஒன்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி "ஓம் அக்கா" என்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். அந்த "அக்கா"வில் எனக்குக் கொஞ்சம் கர்வம் ஏறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டுப் பால்காரர், வடக்கே கண்ணூர்ப் பக்கத்து ஆட்களோ என்று சந்தேகப்பட்டார். நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டு அவர்கள், இது தமிழ்தானா என்று சந்தேகப்பட்டார்கள். புட்டு விஷயத்தில் மட்டும் ஊரே ஒற்றுமை.

தலைவன் என்று ஒரு தாடிக்காரன். அவனுக்கு அடுத்தபடி கண்ணாடி போட்ட ஒருவன். பெயர் கேட்டால் ஆளுக்கொரு பொய்ப்பெயர் சொன்னார்கள். பொய்யை எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்வது என்று நான் தாடி, கண்ணாடி என்றே கூப்பிட்டேன். கூட்டத்தில் இரண்டு பேர் கூடப்பிறந்தவர்கள். பெரியவன் வாயாடி. சின்னவன் எதையும் மெதுவாகச் செய்வான். மற்ற எட்டுப் பேரும் கை கழுவி வந்து வெற்றிலைப்பெட்டியை நோண்டிக்கொண்டிருக்கும்போது அவன் தட்டில் பாதிச் சோறு இருக்கும்.

வந்த ஐந்தாறு மாதத்தில் இயக்கம் இரண்டாக உடைந்தது. ஏன் என்று பல தடவை கேட்டுவிட்டேன். நடுத்தர வர்க்கத்தைப் புரட்சியில் எந்த இடத்தில் வைப்பது என்பதில் கருத்து வேறுபாடாம். ஒன்பது பேரில் ஒருவன் விடாமல் எல்லோரும் வாத்தியார் பிள்ளைகள், போஸ்ட்மாஸ்டர் பிள்ளைகள். "உங்களை எங்கே வைக்கிறதுன்னு உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டேன். பெரியவன் எனக்கு விளக்க ஆரம்பித்தான். அடுப்பில் பருப்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் அதிசயப்படவே இல்லை. "எங்க யூனியன் இதுவரைக்கும் மூணாப் பிரிஞ்சாச்சு, கேட்டேளா. கேரளத்துல இருந்துண்டு பிரியாம இருந்தாத்தான் ஆச்சரியமாக்கும்," என்று பையன்களிடமே ஆறுதல் சொன்னார்.

தாடியோடு ஐந்து பேர் மாடியில் நின்றார்கள். கண்ணாடியோடு நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பெரியவன் மாடியில், சின்னவன் வெளியேறியவர்களோடு. ஊர் முழுக்கச் சுற்றியும் அவர்களுக்கு யாரும் வீடு கொடுக்கவில்லை. சாயங்காலம் அதே பெட்டிகளோடு திரும்பி வந்து, கொல்லையில் மாடு இல்லாத தொழுவத்தைத் தரமுடியுமா என்று கண்ணாடி என்னிடம் கேட்டான். கொடுத்தேன். இப்படித்தான் ஜன்ம விரோதிகளான இரண்டு இயக்கங்கள் ஒரே கிணற்றடியில் பல் தேய்க்க ஆரம்பித்தன. துணிக்கொடியின் நடுவில் ஒரு முடிச்சு விழுந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம், லுங்கியை அவர்கள் சொல்கிறபடி, மாடிக்காரர்களின் சாரங்கள், இந்தப் பக்கம் தொழுவத்துக்காரர்களின் சாரங்கள். நான் யார் பக்கமும் சேராமல் என் புடவையை முடிச்சின் மேலேயே உலர்த்தினேன்.

சண்டை முழுக்க ஒரு சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றித்தான். இயக்கத்தின் ஒரே சொத்து. மாடியில் இருந்தது. அது தங்களுக்குச் சேரவேண்டியது என்று தொழுவம் தினமும் சொன்னது. மூன்று பிரதி சரியாக எடுக்கும், நாலாவது முழுக்கறுப்பாக வரும். அதற்காக அவர்கள் பேசாமல் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும்கூட.

அப்போதுதான் அந்த இருவரின் அம்மா வருவதாகத் தகவல் வந்தது.

கொழும்பிலிருந்து இங்கே விமானம் உண்டு. ஒரு பூனைத்தூக்கம் போடுகிற தூரம். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போக அந்த அம்மாள் தனியாகக் கிளம்பி வருகிறாள். பிள்ளைகள் எதிரெதிர் இயக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் நெஞ்சு தாங்காது என்று இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்னார்கள். சொன்னது ஒரே வாக்கியம்தான், ஒருவன் அடுக்களை வாசலில், ஒருவன் கொல்லை வாசலில்.

இரண்டு தலைவர்களையும் என் சமையலறைக்கு வரவழைத்தேன். இவர் நடுவில் பலகை போட்டு உட்கார்ந்தார். அம்மாள் இருக்கிற வரையில் இயக்கம் ஒன்றுதான். எல்லோருக்கும் சாப்பாடு என் கூடத்தில், ஒரே பந்தியில். கொடியில் முடிச்சு அவிழ்க்கப்படும். கிணற்றில் ஒரு கயிறு கழற்றப்படும். எந்தக் கயிறு என்பதில் காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. கடைசியில் இவர், "ரெண்டும் இருக்கட்டுமே, கேட்டா மடிக் கயிறுன்னு சொல்லிக்கலாம்," என்று ஃபைலை மூடுகிற மாதிரி முடித்துவைத்தார்.

அம்மாள் வந்து இறங்கினாள். குட்டையாக, வெள்ளைச் சேலையில், கையில் பனையோலைப் பெட்டியோடு. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், அதற்கடியில் பொரித்த கருவாடு. பெட்டியைத் திறந்ததும் எங்கள் தெரு வரலாற்றில் இல்லாத ஒரு வாசனை கிளம்பியது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ஒன்பது பேரும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சங்குமுகம் கடற்கரைக்கு ஓடினார்கள். அங்கே மணலில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து தின்றுவிட்டு, யாருக்கு வால்துண்டு என்று அடித்துக்கொண்டு, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பிளவுக்குப் பிறகு ஒன்பது பேரும் சேர்ந்து நடத்திய முதல் நடவடிக்கை அதுதான்.

முதல் நாள் மத்தியானப் பந்தியில் பெரியவன் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் பாதியில் எழுந்தான். எனக்கு வந்ததே கோபம்.

"உட்காருடா! பந்தியில பாதியில எழுந்துக்கறதாவது! கடைசி இலை முடியற வரைக்கும் ஒருத்தரும் எழுந்துக்கப்படாது. அதாக்கும் இந்தத் தெரு வழக்கம்."

அவன் திகைத்துப்போய் உட்கார்ந்தான். கடைசி இலை யாருடையது? சின்னவனுடையது. அவன் ஒவ்வொரு பருக்கையாக ஆராய்ந்துகொண்டிருந்தான். எல்லோரும் உலர்ந்த கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சின்னனிலை இருந்து இவன் இப்பிடித்தான் பிள்ளை. கையிலை சோறு காஞ்சு போகும். பெரியவன் பக்கத்திலை நிண்டு திட்டித் திட்டித் தின்னப் பண்ணுவான். நல்ல வழக்கம்தான் உங்கட வழக்கம். எங்கட ஊரிலையும் இருந்திருக்கலாம்."

அந்த நாட்கள் நான் வாழ்ந்ததிலேயே சந்தோஷமான நாட்களில் சேர்த்தி. ட்ரெஷரியிலிருந்து ஓட்டமாக வீட்டுக்கு வருவேன். தாடி தேங்காய் துருவுவான், கண்ணாடி வெங்காயம் உரிப்பான், அம்மாள் அடுப்படியில் நின்று ஏவுவாள். மறந்துபோய் ஒருவரை ஒருவர் "தோழர், அந்தக் கத்தியைத் தாரும்" என்று கேட்டுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அம்மாளிடமிருந்து மறைக்க வேண்டியதை நான் அற்புதமாக மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை அவள் கிணற்றடியில் இரண்டு கயிறுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மடிக்கயிற்றுக் கதையை அவிழ்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கட வீட்டிலை ஒரு சைக்கிள் நிண்டது பிள்ளை. இவங்கள் ரெண்டு பேரும் அதுக்கு ரெண்டு பூட்டுப் போட்டவங்கள். ஒருத்தரும் ஓடாமல் அது துருப்பிடிச்சுது," என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே வந்தனான். அவங்களுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிற வரைக்கும்தானே ஒண்டா இருந்து சாப்பிடுவாங்கள்." வாளியை இறக்கி, தண்ணீர் எடுக்காமலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அங்கை பெரிய இயக்கங்கள் ஒண்டையொண்டு சுடத் தொடங்கீட்டுது. நேற்றுவரைக்கும் பள்ளிக்கூடத்திலை ஒரே வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்து படிச்ச பெடியள். ஆமிக்காரன்ரை குண்டு பட்டுச் செத்தால் நான் அழுவன். தமையன்ரை கையாலை தம்பி செத்தால் நான் ஆருக்கு முன்னாலை நிண்டு அழுறது, சொல்லுங்கோ பார்ப்பம்."

அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி நான் தண்ணீர் இறைத்தேன்.

இரண்டு தடவை டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாள். காய்ச்சல் என்றாள், பௌர்ணமியில் பயணம் ஆகாது என்றாள். ஆறு நாளைக்கு என்று வந்தவள் மாதத்தை நெருங்கிவிட்டாள். பையன்களோ போர்நிறுத்தம் இப்படி நீளுகிறதே என்று என்னிடம் மூக்கால் அழுதார்கள். சொல்லிக்கொண்டே ஒரே தாயக்கட்டத்தில் உட்கார்ந்து விளையாடினார்கள்.

இனித் தள்ளமுடியாது என்று ஆனபோது, கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை முழுச்சாப்பாடு செய்தேன். அவியல், எரிசேரி, ஓலன், போளி, பால் பாயசம். அம்மாளையும் விடாப்பிடியாகப் பந்தியின் கோடியில் உட்காரவைத்தேன். அடுத்தவீட்டு மாமியும் நானும் பரிமாறினோம். மோர்வரை வந்தாயிற்று. எல்லோரும் முடித்தாயிற்று. அதிசயமாகச் சின்னவன்கூட முடித்துவிட்டான். அம்மாள் கையில் மட்டும் ஒரு கவளம். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?" என்றான் பெரியவன்.

"இதை நான் தின்னாமல் நீங்கள் ஒருத்தரும் எழும்ப ஏலாது. அக்கா அப்பிடித்தானே சொன்னவ?" என்று என்னைப் பார்த்தாள். நான் மோர்ச்செம்போடு நின்றேன்.

"எனக்கு எல்லாம் தெரியும். ரெண்டு கயிறும் தெரியும், கொடியிலை இருந்த முடிச்சும் தெரியும். உங்கட அரசியல் எனக்கு விளங்காது. விளங்கப்படுத்தவும் வேண்டாம்." பெரியவன் வாயைத் திறந்தான், மூடினான். "ஒரு வாக்குத் தாருங்கோ. மற்ற நாளிலை என்னவும் செய்யுங்கோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தக் கூடத்திலை எல்லாரும் ஒரு பந்தியிலை இருக்கவேணும். பந்தியிலை இருக்கிறவனை மற்றவன் தொடக்கூடாது. கடைசி இலை எழும்பும் வரைக்கும்."

கண்ணாடி மரியாதையாகக் கேட்டான். "அம்மா, இயக்கம் வேறை மாதிரி ஒரு முடிவு எடுத்தால்?"

"எடுக்கட்டும். முடிவு வெளியிலை நிக்கட்டும், சாப்பாடு முடியட்டும்."

சம்மணமிட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் கால் மரத்துவிட்டது. முதலில் தாடி "சரியம்மா" என்றான். பிறகு கண்ணாடி. பிறகு வரிசையாக எல்லோரும். கடைசியில் என் வீட்டுக்காரரும் "சரி" என்றார், அவரை யாரும் கேட்கவில்லை. அம்மாள் கவளத்தை வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினாள். பந்தி எழுந்தது.

விமானம் கிளம்பிய அன்று சாயங்காலமே கொடியில் முடிச்சு திரும்பி வந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் திரும்ப ஊமையானார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே இரண்டு பக்கத்திலிருந்தும் காய்கறி வந்து இறங்கும். வாழைக்காய் மாடியிலிருந்து வந்தால் பூசணி தொழுவத்திலிருந்து வரும். அண்ணன் பந்தியின் இந்தக் கோடி, தம்பி அந்தக் கோடி. தம்பி முடிக்கிற வரையில் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ட்ரெஷரிக்கு லீவு கிடைக்கிற ஒரே நாளில் எனக்கு இந்தத் தலைவிதி என்று அலுத்துக்கொள்வேன். சனிக்கிழமை ராத்திரியே புளியை ஊறவைப்பேன்.

இப்படி இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழுவத்திலிருந்து காய்கறி வரவில்லை. இலை போட்டு மாடிக்காரர்கள் ஐந்து பேரும் இவரும் உட்கார்ந்தாயிற்று. தொழுவத்துக்காரர்களைக் காணோம். சாம்பாரை எடுக்கப் போகும்போது சின்னவன் மட்டும் கொல்லை வழியாக வந்தான். வழக்கமான கோடிக்குப் போகவில்லை. அண்ணன் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். பெரியவன் ஒரு சாண் நகர்ந்துகொண்டான்.

நான் குனிந்து பருப்பு போட்டபோது சின்னவன் என் காதோடு சொன்னான். "அக்கா, இண்டைக்கு ஒருத்தரையும் எழும்ப விடாதேங்கோ. வெளியிலை ஒரு வான் வண்டி நிக்குது. நாங்கள் பெரிய இயக்கத்தோடை சேர்ந்திட்டம். மெட்ராசிலை இருந்து ஆக்கள் வந்திருக்கினம், அண்ணையாக்களை விசாரணைக்குக் கொண்டுபோக."

விசாரணை என்றால் அவர்களுக்குள் என்ன அர்த்தம் என்று அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. விசாரணைக்குப் போனவன் திரும்பி வந்து சொன்ன கதை ஒன்றையும் நான் கேட்டதில்லை. இருந்தாலும் நெய் விட்டேன்.

வாசலில் நிழல் விழுந்தது. தடியாக இரண்டு பேர், காலில் பூட்ஸ். பின்னால் கண்ணாடி, அவனுக்குப் பின்னால் மற்ற இருவர். பூட்ஸைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"செருப்பைக் கழட்டுங்கோ! சாப்பிடற இடமாக்கும்!"

இரண்டு பேரும் குனிந்து கழற்றினார்கள். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து முடிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அக்கா, இவையளோடை கொஞ்சம் கதைக்க வேணும். அஞ்சு நிமிசம்," என்றான் ஒருவன்.

"பந்தி நடக்கறது. கடைசி இலை முடியட்டும்."

அவன் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதில்தான் எல்லாம் இருந்தது. பெரியவனுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. அவன் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது.

"முடியட்டும் தோழர்," என்றான் கண்ணாடி. "வாக்குக் குடுத்திருக்கிறம்."

அந்தக் கண்ணாடிக்காரனை அந்த நிமிஷத்தில் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

ரசம் விட்டேன். மறுபடி சாம்பார் விட்டேன். மோர் வந்தது. எல்லோரும் முடித்துவிட்டார்கள். சின்னவன் கையில் ஒரு கவளம் இருந்தது. அவன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அண்ணன் அந்தக் கவளத்தைப் பார்த்தான், தம்பி முகத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

நான் கொல்லைக்குப் போய் மதிலுக்கு மேல் குரல் கொடுத்தேன். "மாமி! பந்தி நீள்றது. அப்பளம் இருந்தாக் கொண்டாங்கோ. ஆள் இருந்தா அவாளையும் கூட்டிண்டு வாங்கோ. சீக்கிரம்!"

அடுத்தவீட்டு மாமிக்கு எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டியதில்லை. அன்று தெருக்கோடி வீட்டில் ஆயுஷ்யஹோமம். போளியும் பாயசமும் அங்கே அண்டாவோடு மிச்சமிருந்தது. கால்மணி நேரத்தில் அண்டா என் கூடத்துக்கு வந்தது, பின்னாலேயே தெருவே வந்தது. மாமிகள் அடுக்களையில், மாமாக்கள் வாசலில், தெருப்பையன்கள் வேனைச் சுற்றி. "வண்டி ஆருடேதா? எவிடந்நா வருந்நது?" யார் வண்டி, எங்கிருந்து வருகிறது என்று மலையாளத்திலேயே டிரைவரைத் துளைத்தார்கள். அவனுக்கு மலையாளம் தெரியாது. முழித்தான். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் பண்ணலாமா என்று சத்தமாக யோசித்தார்.

உள்ளே அந்த இரண்டு தடியர்களும் சுவரோரம் நின்றுகொண்டு போளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் கிளம்பி விடிய விடிய வண்டியில் வந்தவர்கள். நான் இரண்டு இலை போட்டேன். கண்ணாடிக்கும் அவன் ஆட்களுக்கும் மூன்று இலை போட்டேன். கண்ணாடி முதலில் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்கள். கடைசியில் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் தெருச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

"இன்னும் ஒரு போளி," என்றாள் மாமி. "சின்னப் பிள்ளைகள். என்னமாச் சாப்பிடறா பாரு, பாவம்."

அவர்கள் வயிறு நிறைந்து மோரும் குடித்து முடித்தார்கள். சின்னவன் கவளத்தோடு அப்படியே இருந்தான். அவன் விரல்களில் சோறு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. வெயில் கூடத்தைத் தாண்டி நடைவரை போய்விட்டது. எழுந்திருக்க முடியாமல், வேறு வேலையும் இல்லாமல், தாடியும் கண்ணாடியும் இலைகளுக்குக் குறுக்கே பேச ஆரம்பித்தார்கள். பேசிக்கொள்ளாமல் கிடந்த அத்தனை மாதங்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள். வாசலில் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்த தடியர்களில் மூத்தவன் கடைசியில் கேட்டான்: "அப்ப மெசின்?"

"கொண்டுபோங்கோ," என்றான் தாடி.

"ஆக்கள்?"

கண்ணாடிதான் பதில் சொன்னான். "ஆக்களுக்கு நான் பொறுப்பு. அவையள் இயக்கத்தை விட்டுப் போகினம். இனி அவையளாலை ஒரு கரைச்சலும் இல்லை எண்டு மேலை சொல்லுங்கோ."

தடியன் யோசித்தான். வாசலைப் பார்த்தான். ஏப்பம் விட்டான். "சரி," என்றான்.

எல்லோரும் சின்னவனைப் பார்த்தோம். அவன் கவளத்தை வாயில் வைத்தான். காய்ந்துபோன சோறு, விழுங்கமுடியாமல் விழுங்கினான். பந்தி எழுந்தது.

மெஷினை வேனில் ஏற்றக் கைகொடுத்தவர்கள் எங்கள் தெருப்பையன்கள்தான். வேன் திருப்பம் தாண்டிப் போனதும் பெரியவன் தம்பியைச் சட்டையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான். கைக்கு எட்டிய கயிற்றைப் பிடித்து இறைத்து அவன் கையில் தண்ணீர் ஊற்றினான்.

"மாடு! எப்ப பார்த்தாலும் நீதான் கடைசி," என்று திட்டினான். திட்டிக்கொண்டே அழுதான். "ஒரு சோத்தைத் தின்ன இவ்வளவு நேரமோடா உனக்கு?"

அன்று சாயங்காலம் இவர் அவர்கள் ஐந்து பேரையும் சின்னவனையும் விதுரா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். விதுராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட் ஒன்றில் இவருக்கு ஒரு சிநேகிதர் ஆபீசில் இருந்தார். எறும்புக்கு வழிவிடுகிற மனிதர், ஆறு பேரை நடத்திக்கொண்டு தெருவில் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். திரும்பி வந்ததும், "கணக்கெழுத ரெண்டு பேரை எடுத்துண்டுட்டார், கேட்டியா. பாக்கிப் பேருக்கும் வழி பண்றாராம்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். கண்ணாடி தன் ஆட்கள் இருவரோடு மேலும் சில நாள் தொழுவத்தில் இருந்தான். பிறகு அவனும் போய்விட்டான். போகும்போது கொடியிலிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போனான்.

ஒரு வாரம் கழித்து அடுத்தவீட்டு மாமி வீட்டுக்குக் கொழும்பிலிருந்து டிரங்க் கால் வந்தது. எங்கள் தெருவில் அவர்கள் வீட்டில்தான் போன். ஓடிப்போய் எடுத்தேன். அம்மாள். லைனில் யார் யார் ஒட்டுக் கேட்கிறார்களோ என்று எனக்குப் பயம். எதையும் உடைத்துச் சொல்லமுடியாது.

"மாமி, போன ஞாயித்துக்கிழமை பந்தி நன்னா நடந்தது," என்றேன். "கொஞ்சம் நீண்டுபோச்சு. வெளியூர்க்காராளும் வந்திருந்தா. ஆனா எல்லாருமா ஒண்ணாத்தான் எழுந்தா."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சின்னவன் கையிலை வச்சிருந்ததைத் திண்டவனோ பிள்ளை?"

அவன் கையில் எதையும் வைத்திருந்ததாக நான் சொல்லவே இல்லை. அடுத்தவீட்டு மாமி பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"திண்டவன், மாமி," என்றேன். "பெரியவன்தான் அவன் கையைக் கழுவிவிட்டான்."